ஹனூர் எந்த மாவட்டம்?

கர்நாடக மாநிலத்தின் தெற்கில் ஹனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ் இந்த ஊர் வழியாகத்தான் போகும். கொள்ளேகாலுக்கும் ஹனூருக்கும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஹனூரைத் தாண்டினால் கௌதள்ளி. பிறகு தாளபெட்டா. அங்கிருந்து மலை ஏற்றம். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் பாலாறு. பாலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. கொளத்தூர், மேட்டூர் வந்துவிடும்.

சேலம், ஈரோடு, தருமபுரி மாவட்டங்களின் மக்களுக்கு இந்த வழி பழக்கமானது. அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் மாதேஸ்வரன் மலைக்குப் போவார்கள். ஹனூர் பக்கத்துக் கிராமங்களில் தமிழ் பேசுவோரும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஹனூர் எந்த மாவட்டம்? சின்னக் கேள்விதான். ஆனால் பதில் ஒன்றல்ல.

1950-ல் கேட்டிருந்தால் கோயம்புத்தூர் ஜில்லா என்பது பதில். அப்போது கொள்ளேகால் தாலுகா சென்னை ராஜ்யத்தில் இருந்தது. ஹனூர் அந்தத் தாலுகாவில் ஓர் ஊர். 1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தார்கள். அன்று கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. ஹனூர் மைசூர் மாவட்டத்து ஊர் ஆயிற்று. 1973-ல் மைசூர் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைத்தார்கள். 1997-ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்து, சாமராஜநகர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். ஹனூர் அதில் சேர்ந்தது. அதற்குப் பிறகு கொள்ளேகால் தாலுகாவையும் பிரித்தார்கள். இப்போது ஹனூரே ஒரு தாலுகாவின் தலைமை ஊர்.

ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. அதே மண், அதே சாலை. முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

பழைய வரைபடத்துக்கு இது தெரியுமா? தெரியாது. 1990-ல் அச்சிட்ட படத்தில் ஹனூர் மைசூர் மாவட்டத்தில்தான் இருக்கும். சுவரில் மாட்டிய படம் தானாக மாறாது. அதைப் பார்த்து ஒருவர் புத்தகத்தில் எழுதுவார். அந்தப் புத்தகத்தைப் பார்த்து இன்னொருவர் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். தப்பு இப்படித்தான் நடக்கும், காலம் தாண்டி. இன்றும் சில பட்டியல்களில் ஹனூர் மைசூர் மாவட்டத்தில் இருப்பதாகவே காணலாம்.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நிலப் பத்திரம் தேடுபவர் மைசூர் வரை போய்த் திரும்ப வேண்டிவரும். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவும் போச்சு. மனுவில் மாவட்டம் தப்பாக இருந்தால் மனு வேறு அலுவலகத்துக்குப் போகும்.

இந்தத் தப்புகளை யார் திருத்துவது? அரசு திருத்துகிறது. அரசின் சர்வே துறை 1767 முதல் இருக்கிறது. ஆனால் இன்று இன்னொரு கூட்டமும் இந்த வேலையைச் செய்கிறது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. யாரும் உத்தரவு போடுவதும் கிடையாது. அவர்கள் தன்னார்வத் தொண்டர்கள்.

எல்லாரும் எழுதும் புத்தகம்

கலைக்களஞ்சியம் என்பது பல துறைச் செய்திகளைத் தொகுத்த பெரிய நூல். முன்பு அறிஞர்கள் எழுதினார்கள். அச்சிட்டுப் பல தொகுதிகளாக விற்றார்கள். வசதி உள்ளவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் நூலகத்தில் பார்த்தார்கள்.

2001-ல் இணையத்தில் விக்கிப்பீடியா என்ற கலைக்களஞ்சியம் தொடங்கியது. இதைப் படிக்கப் பணம் வேண்டாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. இப்போது அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன.

ஊரைப் பற்றிய கட்டுரைக்குப் படம் வேண்டும். சாலையைப் பற்றிய கட்டுரைக்கு வரைபடம் வேண்டும். சாலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, வழியில் எந்த ஊர்கள் என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் வேறொன்றைத் தொடங்கினார். அதன் பெயர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். திறந்த தெருப்படம் என்று சொல்லலாம். உலகம் முழுவதற்கும் ஒரே வரைபடம். அதையும் மக்களே வரைகிறார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். விக்கிப்பீடியாவில் வரும் வரைபடங்கள் பலவற்றுக்கு இந்தத் தெருப்படமே அடிப்படை.

கல் சொல்லும் செய்தி

சாலையை வரைபவர் முதலில் சாலையைப் படிக்க வேண்டும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் ஊர்ப் பெயரும் தூரமும் எழுதியிருக்கும். எழுத்து தெரியாதவருக்கும் அந்தக் கல் ஒரு செய்தி சொல்லும். அதன் தலையின் நிறத்தைப் பாருங்கள்.

தலை மஞ்சளாக இருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பு அல்லது நீலம் என்றால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு நிறம் என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை. அந்தத் திட்டம் 2000-ல் தொடங்கியது.

கொள்ளேகாலில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சேர்கின்றன. ஒன்று பெங்களூரிலிருந்து கனகபுரா, மளவள்ளி வழியாக வருகிறது. கொள்ளேகாலைத் தாண்டிச் சாமராஜநகர் போகிறது. பிறகு ஆசனூர், திம்பம், சத்தியமங்கலம் வழியாகக் கோயம்புத்தூர் சேர்கிறது. இன்னொன்று கோழிக்கோட்டிலிருந்து மைசூர் வழியாக வந்து கொள்ளேகாலில் முடிகிறது. ஹனூருக்குப் போகும் சாலை இந்த இரண்டும் இல்லை. அது மாநிலச் சாலை. அதை மஞ்சள் சாலை என்று படத்தில் போட்டால் தப்பு.

ஒரு சாலையை எப்படி வரைகிறார்கள்?

ஒருவர் கொள்ளேகாலிலிருந்து ஹனூருக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டைப் பையில் செல்போன். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சைகைகள் அந்தப் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். அவற்றைக் கணக்கிட்டு, தான் இருக்கும் இடத்தைப் போன் கண்டுபிடிக்கும். சில விநாடிக்கு ஒரு முறை இடத்தைக் குறித்துவைக்கும். வீடு வந்து பார்த்தால் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கோலத்தில் புள்ளி வைத்தது போலத்தான். புள்ளிகளைச் சேர்த்தால் சாலை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மரம் அடர்ந்த மலைப்பாதையில் சைகை சரியாகக் கிடைக்காது. புள்ளி சில மீட்டர் தள்ளி விழும். சாலை பள்ளத்தில் ஓடுவதாகக் காட்டும். அதனால் வானிலிருந்து எடுத்த புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார்கள். தார்ச் சாலை அதில் சாம்பல் கோடாகத் தெரியும்.

ஆனால் வானிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடாது. ஊரின் பெயர் தெரியாது. பாலம் உடைந்திருக்கிறதா என்று தெரியாது. அது தார்ச் சாலையா, மாட்டுவண்டிப் பாதையா என்பதுகூடச் சில இடங்களில் தெரியாது. காட்டுக்குள் போகும் பாதையும் ஊருக்குப் போகும் பாதையும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். ஹனூர் பக்கம் காடு அதிகம். யானை நடமாடும் காடு. காட்டுப் பாதையைப் பெரிய சாலை என்று ஒருவர் வரைந்துவிட்டால் என்ன ஆகும்? அதை நம்பி இரவில் ஒரு வண்டி உள்ளே போய்விடும். இங்கேதான் உள்ளூர்க்காரர் தேவைப்படுகிறார்.

“அண்ணே, போன் இந்த வழியைக் காட்டுதுங்க. மலைக்கு இப்படிப் போலாமுங்களா?”

“அது வனத்துக்குள்ள போற தடமுங்க. தெரியாம உள்ள போயிடாதீங்க. திரும்பி, பெரிய ரோட்டைப் புடிச்சுப் போங்க.”

டீக்கடையில் கிடைக்கும் இந்தப் பதில் எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. தொண்டர் அதைக் கேட்டு, அந்தக் கோட்டில் காட்டுத் தடம் என்று குறிப்பார்.

ஒவ்வொரு கோட்டுக்கும் இப்படிக் குறிப்புகள் உண்டு. பெயர் என்ன, எண் என்ன, தாரா மண்ணா, ஒருவழிப் பாதையா என்று எழுதுவார்கள். எந்த நேரத்தில் வண்டி போகக் கூடாது என்பதும் சேரும். சத்தியமங்கலம் காட்டின் வழியே போகும் நெடுஞ்சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. அதைக் கண்டிப்பாக நடத்தும்படி 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றை வரைந்தால் மட்டும் போதாது. இரவுத் தடையையும் குறிக்க வேண்டும்.

எண் மாறிய கதை

இந்தத் தொண்டர்களுக்குப் பெரிய வேலை வைத்தது 2010-ம் ஆண்டு. அந்த ஆண்டு மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றியது.

காரணம் உண்டு. பழைய எண்களில் ஒழுங்கு இல்லை. புதிய எண்களில் ஒரு கணக்கு இருக்கிறது. வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண். நாட்டின் கிழக்கில் சின்ன எண், மேற்கே போகப் போகப் பெரிய எண். கிழக்கு மேற்காகப் போகும் சாலைக்கு ஒற்றைப்படை எண். வடக்கே சின்ன எண், தெற்கே வர வரப் பெரிய எண். அதனால்தான் 1-ம் எண் காஷ்மீரத்தில் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் சாலைக்கு 87.

மூன்று இலக்க எண் என்றால் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையின் எண். சேலத்திலிருந்து கொச்சி போகும் சாலை 544. அது 44-ன் கிளை. கொள்ளேகால் வழியாகக் கோவை போகும் சாலை 948. அது 48-ன் கிளை. கோழிக்கோட்டுச் சாலை 766. அது 66-ன் கிளை. கணக்கு புரிந்தால் எண்ணைப் பார்த்தே சாலையின் உறவைச் சொல்லிவிடலாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பழைய படங்கள் என்ன ஆவது? கோவைச் சாலைக்குப் பழைய எண் 209. கோழிக்கோட்டுச் சாலைக்குப் பழைய எண் 212. படங்களில் எல்லாம் இந்த எண்களே இருந்தன. 209-ஐ அழித்து 948 என்று எழுதினால் முடிந்ததா? இல்லை. பழைய 209 திண்டுக்கல்லில் தொடங்கியது. பழனி, பொள்ளாச்சி, கோவை வழியாகப் பெங்களூர் வரை போயிற்று. இப்போது கோவையிலிருந்து பெங்களூர் வரை மட்டும்தான் 948. திண்டுக்கல்லிலிருந்து கோவை வரை 83. ஒரு சாலையை இரண்டாக வெட்டி, இரண்டு கட்டுரைகளில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் புதுப் படம் போட வேண்டும்.

இதைவிடச் சிக்கல் 7-ம் எண். பழைய 7 காசியிலிருந்து கன்னியாகுமரி வரை வந்த சாலை. ஓசூர், சேலம், மதுரை, திருநெல்வேலிக்காரர்களுக்கு மனப்பாடமான எண். அந்தச் சாலையின் தமிழ்நாட்டுப் பகுதி இப்போது 44. அது ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. அப்படியானால் 7 செத்துப்போயிற்றா? இல்லை. அந்த எண்ணை வடக்கே வேறு சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைய 7 பஞ்சாபில் தொடங்கி, பத்ரிநாத்தைத் தாண்டி, மானா கிராமத்தில் முடிகிறது. மதுரைச் சாலைக்கு இன்னும் 7 என்று ஒருவர் போட்டால் படிப்பவர் இமயமலைக்குப் போய்விடுவார்!

நாட்டில் இப்படி எத்தனையோ சாலைகள். அரசு ஒரே அறிவிப்பில் மாற்றிவிட்டது. சாலையோரப் பலகைகள் மெதுவாகவே மாறின. ஒரே சாலையில் ஒரு பலகையில் பழைய எண், அடுத்த பலகையில் புதிய எண் என்று இருந்த காலமும் உண்டு. தொண்டர்கள் அரசிதழைப் பார்த்தார்கள். பலகையைப் போட்டோ எடுத்தார்கள். ஒவ்வொரு துண்டாகத் திருத்தினார்கள். பழைய எண்ணையும் எடுத்துவிடவில்லை. பழைய எண் இது என்று தனியே குறித்தார்கள். பழைய எண்ணைச் சொல்லித் தேடுபவரும் வழி கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா?

உடையாத படம்

கலைக்களஞ்சியத்தில் போடும் வரைபடம் போட்டோ போன்றதல்ல. போட்டோவைப் பெரிதாக்கினால் மங்கும், கட்டம் கட்டமாக உடையும். வரைபடத்தை வேறு முறையில் செய்கிறார்கள். இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை சிவப்புக் கோடு, இங்கே ஒரு வட்டம், இதன் பக்கத்தில் கொள்ளேகால் என்ற எழுத்து என்று கட்டளைகளாக எழுதிவைக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதைப் படித்துப் படம் காட்டும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு தெளிவாக இருக்கும்.

இதில் இன்னொரு லாபம். எழுத்து தனியாக இருப்பதால் அதை மட்டும் மாற்றலாம். ஆங்கிலப் படத்தை எடுத்து, ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதினால் தமிழ்ப் படம் தயார். கோட்டை மறுபடி வரைய வேண்டாம்.

ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதுவது சுலபம் போலத் தோன்றும். அப்படி இல்லை. கன்னடத்தில் ஹனூரு என்கிறார்கள், தமிழில் ஹனூர். கன்னடத்தில் கொள்ளேகால. தமிழில் கொள்ளேகால் என்றும் கொள்ளேகாலம் என்றும் எழுதுகிறோம். கன்னடத்தில் மலெ மகதேஸ்வர பெட்டா. தமிழில் மாதேஸ்வரன் மலை. ஆங்கில எழுத்தைப் பார்த்து ஊர் தெரியாத ஒருவர் தமிழில் எழுதினால் ‘கொல்லகல்’ ஆகிவிடும். ளகரம் லகரம் ஆகும். நெடில் குறில் ஆகும். தெருப்படத்தில் ஓர் ஊருக்கு எத்தனை மொழியில் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம். ஆனால் ஒவ்வொன்றையும் அந்த மொழி தெரிந்தவர்தான் சரிபார்க்க வேண்டும். பட்டணத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவரைவிட அந்தப் பஸ்ஸில் போய்வருபவருக்கே இது நன்றாகத் தெரியும்.

யாரும் திருத்தலாம் என்றால்?

யாரும் கெடுக்கவும் செய்யலாம். இது நியாயமான பயம்தான். வேண்டுமென்றே தப்பு எழுதுகிறவர்கள் உண்டு. தன் கடை இருக்கும் சந்தைப் பெரிய சாலையாகக் காட்ட ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அதற்காக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகும். மாற்றம் தப்பு என்றால் இன்னொருவர் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். சண்டை வந்தால் பேசித் தீர்க்க விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பக்கம் உண்டு. அங்கே ஆதாரம் காட்ட வேண்டும். குரலை உயர்த்திப் பயனில்லை.

கறாரான விதிகளும் உண்டு. மற்றவர் அச்சிட்ட படத்தைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது. கம்பெனிகளின் வரைபடத்தையும் பார்த்து எழுதக் கூடாது. அது அவர்கள் சொத்து. கண்ணால் பார்த்ததையும், அனுமதி உள்ள ஆதாரத்தில் இருப்பதையும்தான் போடலாம். நாட்டின் எல்லை விஷயத்தில் நம் நாட்டுச் சட்டமும் உண்டு. மற்றபடி, இந்தியர்கள் வரைபடம் செய்ய முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று 2021 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது.

வெள்ளம் வந்தபோது

2010 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதன் தலைநகருக்குச் சரியான தெருப்படம் இல்லை. பல நாட்டுத் தொண்டர்கள் வானிலிருந்து எடுத்த புகைப்படங்களைப் பார்த்துச் சில நாட்களில் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். மீட்க வந்தவர்கள் அதை வைத்துத் தெருத்தெருவாகப் போனார்கள்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அப்போது இதே தெருப்படத்தின் மேல் மக்களே குறித்தார்கள், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று. கையில் போன் இருந்தவர்கள் தங்கள் தெருவைத் தொட்டுக் காட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் வரைபடம் வரைந்தவர்கள் அல்ல. தங்கள் தெருவை அறிந்தவர்கள், அவ்வளவுதான்.

வரையத் தெரியாதவருக்கும் தெருப்படத்தில் இடம் இருக்கிறது. தப்பு இருக்கும் இடத்தைத் தொட்டு ஒரு குறிப்பு எழுதலாம். “இந்தப் பாலம் இப்போது இல்லை.” “இது ஹனூர் தாலுகா, கொள்ளேகால் தாலுகா அல்ல.” “இந்த ஊரின் பெயரில் ள வர வேண்டும்.” வரையத் தெரிந்த ஒருவர் அதைப் பார்ப்பார், சரிபார்த்துத் திருத்துவார். குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம்.